ஊரும் ருசியும்: செர்ரிப் பூ இனிப்பில் மணப்பது பூ இல்லை... இலை!

பிப்ரவரி கடைசியிலேயே ஜப்பானின் இனிப்புக் கடைகள் ரோஸ் நிறத்துக்கு மாறத் தொடங்கிவிடும். கேக், ஐஸ்க்ரீம், சாக்லேட், டீ என எதை எடுத்தாலும் அட்டையில் ‘சகுரா’ என்று இருக்கும். சகுரா என்றால் செர்ரிப் பூ. ஒரு மரத்தில் பூ விரிந்து உதிர்வதற்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அந்தச் சில நாள்களுக்காக ஒரு நாடே வருடம் முழுக்கக் காத்திருக்கிறது.

அந்தக் கடைகளில் இருக்கும் சகுரா இனிப்புகளில் எல்லோருக்கும் தெரிந்தது ‘சகுரா மோச்சி’. உள்ளங்கையில் அடங்கும் ரோஸ் நிறப் பண்டம். உள்ளே இனிப்புப் பூரணம். மேலே உப்பில் ஊறிய ஓர் இலை. வாயருகே கொண்டு போகும்போதே ஒரு மணம் வரும். கொஞ்சம் வெனிலா மாதிரி, கொஞ்சம் காய்ந்த புல் மாதிரி. ஜப்பானியர்களைக் கேட்டால், ‘இதுதான் வசந்த காலத்தின் வாசனை’ என்பார்கள்.

பூத்துக் குலுங்கும் செர்ரி மரத்தடியில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். அந்த மணம் கிடைக்காது. ஜப்பானின் பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் அதிகம் காணப்படும் ‘ஸோமெய் யோஷினோ’ ரகப் பூவுக்கு மணம் மிகமிகக் குறைவு. பச்சை இலையைப் பறித்து முகர்ந்தாலும் ஏமாற்றம்தான்.

அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது? இலையும் உப்பும் சில மாதங்கள் சேர்ந்திருந்தால் வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் என்று ஜப்பானியர்கள் சொல்வது, துடைப்பத்தோடு நின்ற ஒரு கோயில் காவல்காரரை!

குப்பையில் பிறந்த இனிப்பு

இன்றைய டோக்கியோவின் அன்றைய பெயர் எதோ. நகரின் கிழக்கே ஓடுகிறது சுமிதா ஆறு. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்டாவது ஷோகன் டொகுகாவா யோஷிமுனே அந்த ஆற்றங்கரையில் செர்ரி மரங்களை நடச் செய்தார். பூ பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

கரையின் முகோஜிமா பகுதியில் ‘சோமேஜி’ என்றொரு புத்தக் கோயில். பெயரின் பொருள், நீண்ட ஆயுள் கோயில். அதன் வாயில் காவலராக இருந்தவர் யாமமோத்தோ ஷின்ரோகு. பூக்காலம் முடிந்தால் அவருக்கு வேலை கூடிவிடும். உதிரும் இலைகளைக் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்துபோனவர், ‘இதை ஏன் வீணாக்க வேண்டும்?’ என்று இலைகளைப் பீப்பாயில் உப்புப் போட்டு ஊறவைத்தாராம். பிறகு அந்த இலையால் இனிப்பைச் சுற்றிக் கோயில் வாசலில் விற்றாராம். வழிவழியாகச் சொல்லப்படும் இந்தக் கதைக்கு 1717 என்று ஆண்டும் சொல்கிறார்கள்.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சேர்மானம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால், கடை உண்மை. ‘யாமமோத்தோயா’ என்ற பெயரில் அதே கோயிலுக்குப் பக்கத்தில் இன்றும் நடக்கிறது.

வியாபாரம் எப்படி இருந்தது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. எதோ காலத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் தகிசாவா பாகின். அவரும் அவருடைய நண்பர்களும் 1825-ல் கூடிப் பேசித் தொகுத்த குறிப்புகளில், முந்தைய ஆண்டில் இந்தக் கடை ஊறவைத்த இலைகளின் கணக்கு வருகிறது. மொத்தம் 31 பீப்பாய். ஒரு பீப்பாய்க்குச் சுமார் 25,000 இலை. ஆக 7,75,000 இலைகள். ஒரு மோச்சிக்கு இரண்டு இலை என்றால் 3,87,500 மோச்சிகள்! ஒன்றின் விலை 4 மோன். மோன் என்பது அந்தக் காலத்துச் செப்புக்காசு.

கூட்டித் தள்ளிய இலை, ஒரே நூற்றாண்டில் லட்சக்கணக்கில் தேவைப்படும் பொருளாகிவிட்டது.

அந்தக் கடையின் மாடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நவீன ஹைக்கூவின் தந்தை எனப்படும் மசவோகா ஷிகி, மாணவராக இருந்த 1888-ம் ஆண்டின் கோடையில் அங்கேதான் தங்கியிருந்தார். தங்கிய மாடிக்கு ‘நிலவு மணக்கும் மாளிகை’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். கீழே உப்பிலை மணக்க, மேலே நிலவு மணக்க... கவிஞருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே பெயர்... இரண்டு பண்டம்!

டோக்கியோக்காரர் ஒருவரும் ஒசாகாக்காரர் ஒருவரும் ‘சகுரா மோச்சி’ என்று சொன்னால், இருவர் மனதிலும் வருவது ஒரே பண்டமாக இருக்காது.

டோக்கியோவை ஒட்டிய கிழக்குப் பகுதியில் இது ‘சோமேஜி’ வகை. கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து, சூடான கல்லில் நீள்வட்டமாக மெல்லிசாக ஊற்றுவார்கள். சிவக்க விடாமல் எடுத்து, நடுவில் பூரணத்தை வைத்துச் சுருட்டி, இலையால் மூடுவார்கள். மோச்சி என்றாலே பசையரிசிப் பண்டம்தான். ஆனால், இந்த ‘மோச்சி’யில் பெரும்பாலும் கோதுமைதான்.

ஒசாகா, கியோத்தோ அடங்கிய மேற்குப் பகுதியில் இது ‘டோமியோஜி’ வகை. இதற்குப் பசையரிசிதான் உயிர். அரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, நன்றாக உலர்த்தி, குருணையாக உடைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது நீர்விட்டு மறுபடி வேகவைத்தால் மெத்தென்று பொங்கி வரும். அதை உருட்டி, உள்ளே பூரணம் வைத்து, இலையில் பொதிந்தால் மோச்சி தயார். கடிக்கும்போது ஒவ்வோர் அரிசிக் குருணையும் நாக்கில் தட்டுப்படும்.

இரண்டிலும் பூரணம் ஒன்றே. அசுகி என்ற சிறிய சிவப்புப் பயறை வேகவைத்து, தோல் நீக்கி, சர்க்கரை சேர்த்துக் கிளறியது. காராமணிக்கும் உளுந்துக்கும் நெருங்கிய சொந்தம் இந்தப் பயறு.

டோமியோஜி என்பதும் ஒரு கோயிலின் பெயர்தான். ஒசாகாவுக்கு அருகே ஃபுஜிஇதேரா நகரில் இருக்கிறது. கவிஞரும் அமைச்சருமான சுகவாரா நோ மிச்சிசானே, 901-ல் அரசியல் சூழ்ச்சியால் தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய அத்தை இந்தக் கோயிலில் பிக்குணி. மருமகன் இருக்கும் திசை பார்த்துத் தினமும் சோறு படைத்தாராம். படைத்த சோற்றைச் சாப்பிட்டால் நோய் தீரும் என்று மக்கள் நம்பிக் கேட்டு வர, எல்லோருக்கும் கொடுப்பதற்காகச் சோற்றை உலர்த்திச் சேமிக்கத் தொடங்கினார்கள் என்கிறது கோயில் வரலாறு. அந்த உலர் சோறு, பயணிகளுக்கும் போர்வீரர்களுக்கும் கட்டுச்சோறாகி, கடைசியில் இனிப்புக்கும் மாவாகிவிட்டது.

ஆக, கிழக்கின் இனிப்புக்கும் ஒரு கோயில், மேற்கின் இனிப்புக்கும் ஒரு கோயில்.

இந்த எல்லைக்கோடு நேராகவும் இல்லை. வடக்குக் கோடியில் இருக்கும் ஹொக்கைடோ தீவு, டோக்கியோ வழக்கத்தைப் பின்பற்றும் என்றுதானே நினைப்போம்? அங்கே ஒசாகாவின் டோமியோஜிதான் வழக்கம். இதற்குப் பழைய கடல் வணிகத்தைக் காரணமாகச் சொல்வார்கள். ஒசாகாவிலிருந்து மேற்குக் கடலோரமாக ஹொக்கைடோ வரை சரக்குக் கப்பல்கள் போய்வந்தன. வடக்கிலிருந்து கொம்பு எனும் கடற்பாசி வந்தது. இங்கிருந்து பொருள்களோடு ருசியும் போனது.

கியோத்தோவின் அரஷியாமா பகுதிக்குப் போனால் இன்னொரு வித்தியாசம். சாயமே சேர்க்காமல், வெள்ளை வெளேரென்று மோச்சி செய்யும் கடைகள் அங்கே உண்டு. பூவின் நிறம்கூட இல்லை. இலையின் மணம் மட்டும்தான் சகுரா.

இலையைச் சாப்பிடலாமா, கூடாதா?

சகுரா மோச்சியைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. ஜப்பானியர்களுக்கே வரும். வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும்.

சாப்பிடுவோர் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. பூரணத்தின் இனிப்போடு இலையின் உப்பு சேரும்போதுதான் ருசி முழுமையாகிறது என்பார்கள். இலையை எடுத்துவிடுவோர் கட்சி, ‘இலை மணத்துக்கும், மோச்சி காயாமல் இருப்பதற்கும்தான். மணம் ஏறியதும் அதன் வேலை முடிந்தது’ என்கிறது. சுமிதா ஆற்றங்கரைக் கடையும் இலையை எடுத்துவிட்டுச் சாப்பிடவே பரிந்துரைக்கிறது. மேற்கின் டோமியோஜியில் இலை பொதுவாக மெல்லியதாக இருக்கும், பிசுபிசுப்பில் ஒட்டியும் இருக்கும். அதனால் அங்கே பலர் அப்படியே சாப்பிட்டுவிடுகிறார்கள். கடைசியில், அவரவர் விருப்பம்தான்.

அந்த மணத்தின் பெயர் கூமரின். உயிருள்ள இலையில் அது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. அந்த நிலையில் அதற்கு வாசனை இல்லை. உப்பில் ஊறும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் நொதி அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அப்போதுதான் கூமரின் உருவாகி மணக்கத் தொடங்குகிறது. புல்லை வெட்டிக் காயவைத்தால் எழும் இனிய வாசனைக்கும், காசியா வகைப் பட்டையின் மணத்துக்கும் இதே கூமரினுக்குப் பங்கு உண்டு.

கூமரின் அளவுக்கு மீறித் தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. ஆனால், பருவத்துக்கு நாலைந்து மோச்சியோடு சேர்த்துச் சாப்பிடும் இலைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பூக்காத செர்ரித் தோட்டம்

இவ்வளவு இலையும் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஒரே ஒரு சிற்றூரிலிருந்து.

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஷிசுவோகா மாநிலத்தின் இசு தீபகற்பத்தில், கடலோரத்தில் இருக்கிறது மட்சுசாகி. ஜப்பானில் உற்பத்தியாகும் உப்பு செர்ரி இலையில் சுமார் 70 சதவீதம் இந்த ஊர்ப் பகுதியின் உழைப்பு என்கிறார்கள்.

இங்கே வளர்ப்பது ஓஷிமா செர்ரி. பூங்காக்களில் பார்க்கும் ஸோமெய் யோஷினோ ரகத்தின் பெற்றோர்களில் ஒன்று. இலை பெரியது, சொரசொரப்பில்லாதது, கூமரினும் அதிகம். ஒரு காலத்தில் கரி சுடுவதற்காக வெட்டிய மரம் இது. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்த்த இலைகளைப் பறித்தார்கள். பிறகு இலைக்காகவே தோட்டம் போட்டார்கள்.

அந்தத் தோட்டத்தைப் பார்த்தால் செர்ரித் தோட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரமே தெரியாது. ஆண்டுதோறும் கிளைகளை அடியோடு வெட்டிவிடுவதால், இடுப்பளவுக்குப் புதர் மாதிரிதான் இருக்கும். புதுக் கிளையில்தான் இளசான பெரிய இலை கிடைக்கும் என்பதற்காக இந்த வெட்டு. பூ பூக்க வேண்டுமானால் முந்தைய வருடக் கிளை வேண்டும். அதுதான் இல்லையே! ‘செர்ரிப் பூ வாசனை’ என்று நாடே கொண்டாடும் மணத்தைக் கொடுக்கும் செடிகள், பூப்பதே இல்லை.

மே மாதம் பறிப்பு ஆரம்பிக்கும். வெயில் காலம் முழுக்க நீளும். ஓட்டை இல்லாத, பூச்சி கடிக்காத இலையாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். அளவு பார்த்துப் பிரித்து, ஐம்பது ஐம்பது இலைகளாக அடுக்கிக் கட்ட வேண்டும். கட்டுகளை ஆளுயரத்துக்கும் மேலான மரப் பீப்பாய்களில் வரிசையாக அடுக்கி, உப்புப் போட்டு, மேலே கனமான கற்களை ஏற்றுவார்கள். சுமார் ஆறு மாதம் ஊறினால், பச்சை மாறிப் பழுப்புப் பொன் நிறம் வரும். மணமும் வந்துவிடும். அடுத்த வசந்தத்தின் மோச்சிக்கு இலை தயார்.

பறிப்பதற்கு இயந்திரம் கிடையாது. ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் இனிப்பைச் சுற்ற ஆகாது என்பதால், கண்ணும் விரலும்தான் கருவி.

பூவுக்கும் ஒரு பீப்பாய்

பூவையே உப்பில் போடுவதும் உண்டு. அதற்குப் பெயர் பெற்ற ஊர், கனகாவா மாநிலம் ஹதானோ நகரின் சிமுரா பகுதி. அடுக்கு இதழ்கள் கொண்ட, அடர் ரோஸ் நிற ‘கன்சான்’ ரகம்தான் இதற்கு ஏற்றது. ஸோமெய் யோஷினோ உதிர்ந்து முடிந்த பிறகு, ஏப்ரல் நடுவில் இது பூக்கும். முழுதாக விரிவதற்குள் ஏணி வைத்து ஏறிக் கையால் பறித்துவிட வேண்டும். ஒன்றிரண்டு நாள் பிந்தினாலும் இதழ் கொட்டிவிடும். பறித்த பூவை உப்பிலும், உமே எனும் ஜப்பானியப் பிளம் காயை உப்பிட்டால் ஊறும் புளிப்பு நீரிலும் போடுவார்கள். புளிப்பு சேர்வதால் நிறம் மங்காது.

இந்த உப்புப் பூவைக் கோப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றினால், நீருக்குள் மெதுவாக இதழ் விரியும். கல்யாணத்திலும் நிச்சயதார்த்தத்திலும் டீக்குப் பதில் இதைத்தான் கொடுப்பார்கள். ஜப்பானிய மொழியில் ‘டீயைக் கலக்குவது’ என்றால் மழுப்புவது என்று பொருள். சம்பந்தம் பேசும் இடத்தில் மழுப்பல் எதற்கு என்று டீயை விலக்கிவிட்டு, தெளிந்த நீரில் பூவை மலரவிடுகிறார்கள்.

பன்னிலும் இந்தப் பூ ஏறியது. டோக்கியோவின் கின்சாவில் இருக்கும் கிமுரயா பேக்கரி, 1874-ல் பயறுப் பூரணம் வைத்த ‘அன்பான்’ என்ற பன்னை அறிமுகப்படுத்தியது. 1875 ஏப்ரல் 4-ம் தேதி மெய்ஜி பேரரசர் பூ பார்க்க வந்தபோது, அந்தப் பன்னின் நடுவில் குழிசெய்து, செர்ரிக்குப் பேர்போன யோஷினோ மலையின் உப்புப் பூ ஒன்றைப் பதித்துப் பரிமாறினார்கள். பேரரசர் வந்த இடம் முகோஜிமா. ஆம், இலை மோச்சி பிறந்த அதே ஆற்றங்கரை! ஏப்ரல் 4 இன்றும் ஜப்பானில் ‘அன்பான் தினம்’.

மூன்று நிற உருண்டை

செர்ரி மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு ‘ஹனாமி’ என்று பெயர். அங்கே தவறாமல் வருவது ‘ஹனாமி டாங்கோ’. ரோஸ், வெள்ளை, பச்சை என மூன்று அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்தது. ரோஸ் என்றால் பூ, வெள்ளை என்றால் கரையாத பனி, பச்சை என்றால் முளைக்கப்போகும் புல் என்று விளக்கம் சொல்வார்கள். ‘பூவைவிட உருண்டையே மேல்’ என்று ஜப்பானில் ஒரு பழமொழியும் உண்டு. அழகைப் பார்க்க வந்தவர்களும் கடைசியில் தேடுவது சாப்பாட்டைத்தான் என்ற கிண்டல்.

யார் பறிப்பது?

பூவைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்தும் ஏப்ரலைக் குறிவைத்து வருகிறார்கள். ரோஸ் நிறப் பண்டங்களின் வகைகளும் கூடிக்கொண்டே போகின்றன. குறைவது கைகள்தான்.

மட்சுசாகியில் வெயிலில் குனிந்து இலை பறிப்பவர்களும், ஐம்பது ஐம்பதாகக் கட்டுபவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள். ஹதானோவில் ஏணியில் ஏறுபவர்களின் நிலையும் அதுதான். பிள்ளைகள் நகரத்து வேலைக்குப் போய்விட்டார்கள். நாள் முழுக்கப் பறித்தாலும் ஓர் இலையின் விலை என்னவோ அற்பம்தான். பராமரிக்க ஆளில்லாத தோட்டத்தில் செடியை வெட்டாமல் விட்டால் சில வருடங்களில் மரமாகிவிடும். அழகாகப் பூக்கவும் செய்யும். ஆனால், மோச்சிக்கு இலை கிடைக்காது.

சீனாவிலிருந்து உப்பு இலை இறக்குமதியாகிறது. விலை குறைந்த இனிப்புகளில் அது பயன்படுகிறது. மணத்தை மட்டும் செயற்கையாகச் சேர்க்கும் பண்டங்களும் உண்டு. அதனால் சகுரா மோச்சி கடைகளிலிருந்து மறைந்துவிடப் போவதில்லை. ஆனால், மட்சுசாகியின் பீப்பாய்கள் காலியானால், இலை பார்த்துப் பறிக்கும் கண்ணும், கல் ஏற்றும் பக்குவமும் அங்கேயே முடிந்துபோகும். ஒரு காவல்காரர் குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பொருளை, 300 ஆண்டுகளாகத் தாங்கி வந்தது இப்படிப் பெயர் தெரியாத கைகள்தான்.

ஜப்பான் போகிறீர்களா?

* பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சகுரா மோச்சியின் பருவம். மார்ச் 3 அன்று கொண்டாடப்படும் பெண் குழந்தைகளின் பொம்மைத் திருவிழாவிலும் இதைப் பார்க்கலாம்.

* டோக்கியோவின் சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது சோமேஜி, டோமியோஜி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. சுருட்டியது சோமேஜி. உருண்டையாக, அரிசி தெரிவது டோமியோஜி.

* வழக்கமான செய்முறையில் பால், முட்டை கிடையாது. மாவு அல்லது அரிசி, பயறு, சர்க்கரை, இலை, உப்பு, நிறம் அவ்வளவுதான். சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளை ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

* வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

* முதல் கடியை இலையோடும், இரண்டாவதை இலை இல்லாமலும் சாப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கட்சி என்று அப்புறம் முடிவு செய்யலாம். எடுத்துப் போடுவதாக இருந்தால், போடுவதற்கு முன் அந்த இலையை ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். அதற்குள் யாரோ ஒருவருடைய ஒரு வருட வேலை இருக்கிறது.

(ருசி தொடரும்...)